ரொம்சோஸில் தொங்கிய நாடாளுமன்றம்

நான் ஒஸ்லோவுக்குப் போனது ஒரு கல்லைக் கொண்டு சேர்க்க. கோயம்புத்தூரில் எங்கள் குடும்பம் கிரைண்டர் செய்கிறது. வீட்டு மேடையில் உட்காரும் சின்ன ரகம் அல்ல; ஹோட்டல்காரர்கள் வாங்குகிற, சாய்த்து மாவைக் கொட்டுகிற பெரிய ரகம். தம்பி பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது என் இலாகா. ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் என்கிற பகுதியில் தோசைக்கடை வைத்திருக்கும் வசந்தி ஒரு நாள் போன் செய்து, "அக்கா, உங்கடை கல்லு வெடிச்சுப்போச்சு. கடையைப் பூட்டிப்போட்டு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். புதுக்கல்லைத் தனியாக அனுப்பினால் அதுவும் வெடித்துவிடும் என்று தம்பி பயந்தான். அதனால் கல்லுக்குத் துணையாக நான் போனேன்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். பழைய போர்வைக்குள் சுற்றியிருந்த கூம்புக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, சாமியா என்று கேட்டார். மாவு அரைக்க என்றேன். மாவு இங்கேயே கிடைக்கிறதே என்றார். அது வேறு மாவு என்றேன். அதற்கு மேல் விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. அவரும் பாவம், பெட்டியை மூடிவிட்டார்.

என்னை அழைத்துப்போக வசந்தியின் மகள் அபிராமி வந்திருந்தாள். நார்வேயிலேயே பிறந்த பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வீடு ரொம்சோஸில், கடை ஸ்டோவ்னரில். நடுவில் டி-பானெ என்கிற மெட்ரோவில் கொஞ்ச தூரம். கடையின் வேன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மறுநாள் காலையில் இவ்வளவு கனத்தை எப்படித் தூக்கிப்போவது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அபிராமி பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கல்லை அதில் படுக்கவைத்து, போர்வையால் கழுத்துவரை மூடிவிட்டோம். கழுத்து இருந்திருந்தால்.

ரொம்சோஸ் நிலையம் பாறையைக் குடைந்து பூமிக்குள் கட்டியது. ரயில் பெட்டியில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பேசுவதும் இல்லை. எங்கள் ஊர் பஸ் என்றால் இரண்டு ஸ்டாப்புக்குள் குழந்தையின் பெயர், நட்சத்திரம், தாய்ப்பாலா புட்டிப்பாலா எல்லாம் கேட்டிருப்பார்கள். எதிரே இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் ஆசையை அடக்க முடியாமல் குனிந்து போர்வையை விலக்கினார். உள்ளே கறுப்பாக, பளபளப்பாக எங்கள் கம்பெனித் தயாரிப்பு. அவர் முகம் மாறவே இல்லை. போர்வையைப் பதமாக மூடிவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இறங்கியதும் கேட்டேன். "நல்ல அமைதியான பிள்ளையெண்டு சொன்னவ" என்றாள் அபிராமி.

கல்லை மாட்டும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஊர் திரும்ப எனக்கு அடுத்த புதன்கிழமைதான் விமானம். அதுவரை நிம்மதியாக ஊரைச் சுற்றலாம் என்று நினைத்திருந்தேன். அன்று மாலையே லண்டன்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். பரமலிங்கம், அவர் மனைவி கமலா, அவர்கள் ஒரே மகன் நிரோஷன். நிரோஷனும் அபிராமியும் பாரிஸில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, தாங்களே முடிவு செய்துவிட்டவர்கள். பிறகு ஜாதகமும் பொருந்தியது, அல்லது பொருந்த வைக்கப்பட்டது. மிச்சமிருந்த சிக்கல் ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது. அபிராமிக்கு ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு, அம்மா இங்கே தனி. பரமலிங்கமோ லண்டன்தான், பேச்சுக்கே இடமில்லை என்றார். இதைப் பேசி முடிக்கத்தான் ஒரே ஒரு இரவுப் பயணமாக வந்திருந்தார்கள்.

ஆனால் முந்தின நாள்தான் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்திருந்தது. மூன்று பேரும் ஓட்டுப் போட்டுவிட்டு, முடிவு வருவதற்குள் விமானம் ஏறியிருக்கிறார்கள். பரமலிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரீவியைப் போடுங்கோ" என்றார். தொலைக்காட்சியில் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. நீலக் கட்சிக்கு அதிக இடம், ஆனால் ஆட்சிக்குப் போதாது. சிவப்புக் கட்சி இரண்டாவது. மஞ்சள் கட்சி மூன்றாவதாக வந்துவிட்டு, முதலாவதாக வந்த மாதிரி எல்லோராலும் தேடப்பட்டுக்கொண்டிருந்தது. கட்சிகளை நிறத்தால்தான் நான் அடையாளம் வைத்துக்கொண்டேன். தலைவர்கள் எல்லோரும் ஒரே தையல்காரரிடம் கோட்டுத் தைத்தவர்கள் போலிருந்தார்கள்.

அந்த வீட்டில் விசேஷம் என்னவென்றால், பெட்ரோல் நிலையம் நடத்தும் பரமலிங்கம் நீலம். கமலா சிவப்பு, அகதியாக வந்து நின்ற காலத்தில் அந்தக் கட்சிக் கவுன்சிலர் ஒருவர்தான் வீடு கிடைக்க அலைந்தாராம். நிரோஷன் மஞ்சள். "ரெண்டு பக்கத்திலையும் ஞாயம் இருக்கு அன்ரி" என்று காரணம் சொன்னான். அந்தப் பையன் சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான். இடியப்பமா புட்டா என்று வசந்தி கேட்டால் இரண்டும் நல்லது என்பான். லண்டனா ஒஸ்லோவா என்று கேட்டாலும் அதே பதில். அபிராமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வருங்கால மனைவியின் பார்வை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. ஐஸ்லாந்து எரிமலை மறுபடி புகைகிறதாம். வானமெல்லாம் சாம்பல் என்று லண்டன் விமானம் ரத்து. அடுத்தது எப்போது என்று விமானக் கம்பெனிக்கே தெரியவில்லை. ஒரு இரவுக்கு வந்த சம்பந்திகள் மூன்று அறை வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். பரமலிங்கம் சோபாவில் ரிமோட்டோடு குடியேறினார். கமலாவுக்குத் தொலைக்காட்சியில் ஆர்வம் இல்லை. காலையில் எழுந்து வசந்தியோடு கடைக்குப் போய்விடுவார். கிரைண்டரை எப்படிச் சாய்ப்பது, கல்லை எப்படிக் கழுவுவது என்று அவருக்கும் சேர்த்து நான்தான் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன்.

மற்ற நேரமெல்லாம் நான் சோபா பக்கம்தான். அதற்குக் காரணம் உண்டு. நான் தமிழ்நாட்டுக்காரி என்று தெரிந்ததும் பரமலிங்கத்தின் குரலில் மரியாதை கூடிவிட்டது. "தங்கச்சி, கூட்டணி விசயம் உங்கடை ஆக்களுக்குத்தான் தெரியும். இங்கிலிஸ்காரனுக்கு இது பழக்கமில்லை. மஞ்சள் ஆரோடை போகும், சொல்லுங்கோ பாப்பம்."

வாழ்க்கையில் என்னிடம் இப்படி யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. தம்பிகூடக் கல் விஷயத்தில் மட்டும்தான் கேட்பான். நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். "ஏனுங்ண்ணா, ஜெயிச்சவங்களை இன்னும் பஸ்ஸுல ஏத்தி ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையா?" என்று கேட்டேன். இல்லை, அவரவர் வீட்டில் இருக்கிறார்கள் என்றார். "தலைவர் யாரும் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில படுக்கலையா?" அதுவும் இல்லை. "அப்ப இன்னும் பேச்சுவார்த்தையே ஆரம்பிக்கலைன்னு அர்த்தமுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் உடனே லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டு, "இஞ்சை இந்தியாவிலையிருந்து ஒரு ஆள் வந்து நிக்கிறா, எல்லாம் விளங்கின ஆள்" என்று அதை அப்படியே ஒப்பித்தார்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, பேச்சு வாக்கில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கூட்டணி பேசப்போகிறவர் முதல் நாள் முகம் கொடுத்தே பேசமாட்டார், முறுக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார், அப்போதுதான் மதிப்பு என்று. இரவுச் சாப்பாட்டுக்கு வசந்தி அழைத்தபோது பரமலிங்கம், "எனக்குப் பசியில்லை" என்று எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மே மாதம்தான் என்றாலும் ஒஸ்லோக் காற்று நம் ஊர் மார்கழியை விழுங்கிவிடும். கண்ணாடி வழியே எல்லோரும் பார்க்க, அவர் மதிப்புடன் நடுங்கிக்கொண்டு நின்றார். மீன்குழம்பும் புட்டும் மேசைக்கு வந்த பிறகு, கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சாப்பாட்டின்போதுதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். எங்கள் கொங்கு நாட்டில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாள். இதில் பேச என்ன இருக்கிறது? அந்த நினைப்பில், "பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதுதானுங்களே முறை" என்று சொல்லிவிட்டேன். வசந்தியின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது.

"எந்த ஊரிலை அக்கா?" என்றார். "யாழ்ப்பாணத்திலை வீடு பெம்பிளைக்குத்தான் குடுக்கிறது. மாப்பிள்ளைதான் அங்கை வந்து இருக்கிறவர். ஏன், இவரும் கமலாக்கா வீட்டிலைதானே வந்து இருந்தவர்?"

பரமலிங்கம் புட்டை நன்றாகப் பிசைந்தார். "அது அங்கை. இது லண்டன்" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "ஆனால் இந்தியாவிலை தங்கச்சி சொன்ன மாதிரித்தான்" என்று சேர்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க இந்தியாக்காரரின் எந்த முறையையும் அவர் மதித்ததாகத் தெரியவில்லை. அன்று மட்டும் மதித்தார். என் ஒரு வார்த்தையால் நான் ஒரு கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சமன் செய்வதற்காக அடுத்த நாள் வசந்திக்கும் ஆலோசனை சொன்னேன். தனித்து நிற்கத் தயார் என்று சொல்லிப் பாருங்கள், எதிரணி இறங்கி வரும் என்றேன். வசந்தியும் பரமலிங்கம் காதில் விழும்படி, "என்ரை பிள்ளைக்கு இஞ்சை மாப்பிள்ளையே இல்லையெண்டு நினைக்கினமோ" என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னார். பரமலிங்கம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நிரோஷன் இருவருக்கும் நடுவில் பிரெட்டின்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தான். சர்க்கரைப் பாகில் விழுந்த பாலாடைக்கட்டி போல ஒரு ருசி அதற்கு. அபிராமி அதைத் தோசைக்குள் வைத்துச் சாப்பிடுவாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

திங்கட்கிழமை அபிராமியோடு கடைக்குப் போகும்போது ரயிலில் அவள் பேசினாள். தமிழ் யாருக்கும் புரியாது என்கிற தைரியத்தில் சத்தமாகவே பேசினாள். "அன்ரி, நீங்கள் நல்ல ஆள். ஆனால் இது எலெக்சன் இல்லை, என்ரை கலியாணம். ரெண்டு பக்கமும் நீங்கள் ஒண்டு சொல்ல, அவை அதைப் பிடிச்சுக்கொண்டு தொங்கினம். எனக்கு இந்த வேலையும் வேணும், அம்மாவும் வேணும், அவரும் வேணும். அவர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். சொல்லுறாரில்லை." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நார்வேயில் பிறந்த பெண், ரயிலில் அழக்கூடாது என்று தெரிந்தவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது. இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு மாலைவரை இருந்தது. மாலையில் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வெளியே சுத்தம் செய்கிற நாள். டுக்னாட் என்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் வராதவர்களை வருடம் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். பனிக்கு அடியில் கிடந்த போன வருடத்துச் சருகுகளை வாருவதுதான் வேலை. விருந்தாளிகள் கையிலும் ஆளுக்கொரு வாரியைக் கொடுத்துவிட்டார்கள். கீழேயிருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தேசிய தினத்துக்காக ஊதுகுழல் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டு, முடிவுக்கு மட்டும் வரவே மாட்டேன் என்றது.

பரமலிங்கம் சருகை வாரிய அளவுக்கு அரசியலையும் வாரினார். அன்றைக்குத்தான் பிரதமராக இருந்த சிவப்புக் கட்சித் தலைவர், தான் விலகிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் சிவப்பும் மஞ்சளும் சேர வழி உண்டு என்று பேச்சு. கடையிலிருந்து வந்திருந்த கமலா, முதல்முறையாக வாய் திறந்தார். "பாத்தீங்களே? எல்லாம் முடிஞ்சுது எண்டு கொக்கரிச்சனீங்கள்." பரமலிங்கம், இரண்டையும் கூட்டினாலும் போதாது என்று வாரியின் காம்பால் மண்ணில் கணக்குப் போட்டார். நிரோஷன், "எங்கடை ஆக்கள் ரெண்டு பேரோடையும் கதைச்சுப் பாக்கினம், அதுதானே நல்லது" என்றான்.

பக்கத்தில் சருகுப் பையைக் கட்டிக்கொண்டிருந்த நார்வேக்காரர் ஒருவர், நாலாவது மாடிக்காரர், என்ன சண்டை என்று கேட்டார். அபிராமி மொழிபெயர்த்தாள். அவர் பையின் முடிச்சை இறுக்கினார். தான் பிறந்ததிலிருந்து இங்கே எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி வந்ததில்லை, கூட்டாகவோ குறையாகவோதான் ஆள்கிறார்கள், ஆனாலும் குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறது என்றார். பிறகு எல்லோருக்கும் உருளைக்கிழங்கு ரொட்டியில் சுருட்டிய தொத்திறைச்சி வந்தது. சைவமான எனக்கு வெறும் ரொட்டியில் கடுகுச் சாந்து. பரமலிங்கம் எனக்கு மட்டும் கேட்கும்படி, "குப்பை அள்ளினால் காணுமோ? நாட்டை ஆள வேணாமோ?" என்றார். நான் என் முடிவை மறந்து, "சின்னக் கட்சிக்கு எப்பவும் பெரிய பக்கம்தானுங்ண்ணா இழுக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அது நடந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கும் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிவியில் பழைய பிரதமர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்து போனார். எங்கள் ஊரில் அரசாங்க வீட்டைக் காலி செய்யவைக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். லண்டனில் காரே தயாராக நின்றது. நீலமும் மஞ்சளும் கைகோத்து ஆட்சி அமைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பரமலிங்கம் சோபாவைவிட்டு எழுந்தார். அந்த வாரத்தில் சாப்பாட்டுக்கும் சருகு வாரவும் இல்லாமல் அவர் எழுந்தது அப்போதுதான்.

"தங்கச்சி சொன்னது சரி" என்றார். மகன் தோளில் தட்டினார். "தம்பி, நீ போட்ட வோட்டும் கடைசியிலை எனக்குத்தான் வந்திருக்கு."

நிரோஷன் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் நீலத்தை மறிக்கத்தானே மஞ்சளுக்குப் போட்டனான்" என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

அதே சூட்டில் இன்னொரு நல்ல சேதியும் வந்தது. மறுநாள் காலை லண்டன் விமானம் உண்டு. அப்படியானால் இந்த விஷயத்தையும் இப்போதே முடித்துவிடலாம் என்று பரமலிங்கம் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். வசந்தி கடையைச் சாத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவர் பின்னால் கமலா; ரவிக்கைக் கையில் மாவு காய்ந்திருந்தது.

அபிராமி யாரையும் பேசவிடவில்லை. நிரோஷனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். "நீர் எல்லாப் பக்கமும் கதைச்சுக்கொண்டிருந்தால் உம்மடை வோட்டு ஆரிட்டைப் போகுமெண்டு பாத்தீர்தானே. இப்ப சொல்லும். எங்கை இருக்கப்போறீர்?"

நிரோஷன் அப்பாவைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். "ஒஸ்லோ" என்றான். ஒரே சொல்தான். அபிராமி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பரமலிங்கம் அசரவில்லை. ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுப் பழகியவர். "நல்லது. நாங்கள் மூண்டு பேர். நீ ஒஸ்லோ. நானும் அம்மாவும் லண்டன். ரெண்டுக்கு ஒண்டு. மெஜாரிட்டி இருக்கு" என்றார். சொல்லும்போது அவர் கமலாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இஞ்சாருங்கோ" என்றார் கமலா. "என்னைக் கேட்டனீங்களோ?"

"உம்மை என்ன கேக்கிறது?"

"நான் நாளைக்கு வரேல்லை. வசந்தியோடை கதைச்சிட்டன். காலமை மாவும் இடியப்பமும் என்ரை பொறுப்பு. தம்பி கலியாணம் முடிச்சு வர, அவையோடை இஞ்சைதான். நீங்கள் இரவிலை பெற்றோல் ஸ்டேசன், பகலிலை நித்திரை. லண்டனிலை இவ்வளவு வருசமா நான் சுவரோடைதான் கதைக்கிறன். இஞ்சை நாலு நாளா ஆக்களோடை கதைக்கிறன், சிரிக்கிறன்."

வசந்தி நகர்ந்து கமலாவின் பக்கத்தில் போய் நின்றார். நான் நான்கு நாளாக ஆண்கள் பக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கூட்டணி பேசியிருக்கிறேன். உண்மையான கூட்டணி எங்கள் கிரைண்டர் பக்கத்தில் அமைந்திருக்கிறது. எனக்குத் துளிகூடத் தெரியவில்லை.

பரமலிங்கம் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இப்பிடி நடந்தால் உங்கடை ஊரிலை என்ன செய்யிறவை?"

"எங்க ஊர்ல இப்படி நடந்ததே இல்லீங்ண்ணா" என்றேன். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நான் சொன்ன சரியான பதில்.

அவர் மறுபடி மனைவியிடம் திரும்பினார். அவர் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது. "அப்ப லண்டனிலை நான் தனிய இருந்து என்ன செய்யிறது?"

கமலா ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். "உங்கடை கட்சிதானே வந்திருக்கு" என்றார். "போய் ஆளுங்கோ."